லிஸ்பன் நிலநடுக்க நடைப்பயணம்: பெரியம்மாவுடன் மூன்றரை மணி நேரம்

போர்த்துக்கல் நாட்டின் பாத்திமா திருத்தலத்துக்குத் திருப்பயணம் சென்ற எங்கள் பங்கு மக்களுக்கு லிஸ்பன் நகரில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. மற்றவர்கள் கடைத்தெருவுக்கும் மஞ்சள் டிராம் வண்டிக்கும் புறப்பட்ட அந்தக் காலையில், நானும் என் பெரியம்மாவும் 1755-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் தடங்களைக் காட்டும் ஒரு நடைப்பயணத்தில் சேர்ந்தோம். ஆளுக்கு 30 யூரோ கட்டணம், மூன்றரை மணி நேரம், எங்களையும் சேர்த்து 9 பேர், விளக்கம் ஆங்கிலத்தில். நடத்துபவர் பணி ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை. விளம்பரப் பலகையோ அலுவலகமோ அவருக்கு இல்லை. தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் சொல்லி வைத்தால் முந்தின நாள் மாலை அவரே அழைத்து உறுதி செய்கிறார். தம் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே வழிகாட்டி என்றே குறிப்பிடுகிறேன்.

நாங்கள் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைச் சொல்லாமல் இந்தச் சேவையின் தரத்தைப் பற்றி நேர்மையாக எழுத முடியாது. பெரியம்மாவின் ஊர் வேளாங்கண்ணி. பேராலயத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையில் மெழுகுத்திரியும் மாலையும் எண்ணெய்ப் புட்டியும் விற்கும் சிறிய கடை அவருடையது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, அவர் திருப்பலிக்குப் போயிருந்தார். 11 வயது மகள் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை. கடைகள் இருந்த சாலையில் புகுந்தது. அன்றிலிருந்து பெரியம்மாவிடம் ஒரே கேள்விதான் இருக்கிறது: "அவருக்கு எல்லாம் தெரியும் என்கிறார்களே தம்பி, அப்படியென்றால் அன்றைக்குக் காலையிலும் தெரிந்துதானே இருந்திருக்கும்?" பங்குத்தந்தையர், கன்னியர், உறவினர் எனப் பலரும் விடை சொல்லிப் பார்த்துவிட்டார்கள். தமக்குப் பிடித்த பூவை ஆண்டவர் பறித்துக்கொண்டார் என்பது அவற்றுள் அடிக்கடி சொல்லப்பட்டது. அதைக் கேட்கும்போதெல்லாம் பெரியம்மா எதுவும் பேசாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். இந்த நடைப்பயணம் அந்தக் கேள்விக்கு முன்னால் எப்படி நின்றது என்பதே என் அளவுகோல்.

பயணம் புனித தோமினிக் ஆலயத்தின் வாசலில் சரியாக 9.40-க்குத் தொடங்குகிறது. அந்த நேரத்தை வழிகாட்டி வேண்டுமென்றே வைத்திருக்கிறார். 1755 நவம்பர் 1, சனிக்கிழமை, ஏறக்குறைய அதே நேரத்தில்தான் லிஸ்பன் ஆடத் தொடங்கியது. அனைத்துப் புனிதர் பெருவிழா என்பதால் ஆலயங்கள் நிரம்பியிருந்தன. எல்லாப் பீடங்களிலும் மெழுகுத்திரிகள் எரிந்துகொண்டிருந்தன. சில நிமிடங்கள் நீடித்த அதிர்வில் கூரைகள் திருப்பலியில் இருந்தவர்கள் மேல் விழுந்தன. தப்பியவர்கள் திறந்த வெளியைத் தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே கடல் பின்வாங்கி, பிறகு எழுந்து வந்தது. விழுந்த மெழுகுத்திரிகளும் அடுப்புகளும் மூட்டிய நெருப்பு ஐந்து நாட்களுக்கும் மேலாக எரிந்தது. ரோசியு சதுக்கத்தை ஒட்டியிருந்த அரச மருத்துவமனை, நோயாளிகளோடு எரிந்துபோனது. அந்த மருத்துவமனையின் பெயரே அனைத்துப் புனிதர் மருத்துவமனை. இறந்தோர் எண்ணிக்கையில் மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுகின்றன; ஏறத்தாழ 2,00,000 பேர் வாழ்ந்த நகரில் 30,000-லிருந்து 40,000 பேர் என்பது பலரும் சொல்லும் கணக்கு. வழிகாட்டி இவற்றைக் குரலை உயர்த்தாமல், ஒன்றன்பின் ஒன்றாக, இடையிடையே நிறுத்திச் சொன்னார். நான் பெரியம்மாவுக்கு மொழிபெயர்த்து முடிக்கும் வரை ஒவ்வொரு முறையும் காத்திருந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

ஆலயத்துக்குள் நுழைந்ததும் பெரியம்மா நின்றுவிட்டார். 1959-இல் ஏற்பட்ட தீவிபத்துக்குப் பிறகு இந்த ஆலயத்தைப் புதுப்பித்தவர்கள் தூண்களைப் பூசி மறைக்கவில்லை. வெப்பத்தில் வெடித்துச் சிம்புகளாகத் தெறித்த கல் அப்படியே நிற்கிறது. சில தூண்களில் உள்ளங்கை புகும் அளவுக்குப் பள்ளங்கள். மேலே கூரைக்கு மட்டும் செம்மண் நிறத்தில் புதிய பூச்சு. பெரியம்மா ஒரு தூணின் பள்ளத்தில் கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தார். பிறகு, "பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள், நல்லது" என்றார். அன்று முழுவதும் இந்த ஊரைப் பற்றி அவர் சொன்ன முதல் பாராட்டு அது.

இதே ஆலயத்தில் நடந்த இன்னொன்றையும் வழிகாட்டி சொன்னார். பல சுற்றுலா வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். 1506-இல், வறட்சியும் கொள்ளைநோயும் வாட்டிய காலத்தில், துன்பம் நீங்க இங்கே வேண்டிக்கொண்டிருந்த மக்களில் சிலர் பீடத்தில் கிறிஸ்துவின் முகம் ஒளிர்வதைக் கண்டதாகக் கூவினார்கள். கட்டாயத்தால் கிறிஸ்தவராக்கப்பட்ட யூதர் ஒருவர், அது மெழுகுத்திரியின் ஒளியாக இருக்கலாம் என்றார். அவரைக் கொன்றார்கள், அங்கே தொடங்கிய படுகொலை மூன்று நாட்கள் நீடித்தது, இறந்தோர் சுமார் 2,000 பேர் என்று சொல்லப்படுகிறது. அதற்கான நினைவுக்கல் வாசலுக்கு எதிரே உள்ளது. நிலநடுக்கத்தைப் பற்றிய பயணத்தில் இது எதற்கு என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். துன்பத்துக்குக் காரணம் தேடும் மனிதர்கள் முதலில் தங்கள் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்க்கிறார்கள் என்பதால் என்று வழிகாட்டி பதில் சொன்னார். கொடுத்த 30 யூரோவில் பாதிக்கு மேல் அந்த ஒரு பதிலுக்கே தகும் என்று எனக்குத் தோன்றியது.

வெளியே வந்து சதுக்கத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்தபோதுதான், இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த முக்கியமான எண்ணம் பெரியம்மாவின் வாயிலிருந்து வந்தது. "இங்கே கோயிலுக்குள் இருந்தவர்கள் செத்தார்கள். எங்கள் ஊரில் கோயிலுக்குள் இருந்தவர்கள் பிழைத்தோம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் நான் இதுவரை கேட்ட விளக்கங்கள் எத்தனை அந்த இரண்டு வாக்கியங்களில் நொறுங்கிப் போகின்றன என்று எண்ணிப் பார்த்தேன். வேளாங்கண்ணியில் பேராலயம் தப்பியதை அன்னையின் அருள் என்று சொல்வோர் உண்டு, நானும் சொல்லியிருக்கிறேன். அது அருள் என்றால் லிஸ்பனில் அதே அன்னையின் பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டிருந்தவர்களுக்கு என்ன நடந்தது? அங்கே நடந்தது தண்டனை என்றால், திருப்பலிக்கு வராமல் வீட்டில் இருந்தவர்கள் பிழைத்ததற்கு என்ன பொருள்? போர்த்துக்கல் அரச குடும்பமே அன்று விடியற்காலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு நகரத்துக்கு வெளியே போயிருந்ததால்தான் தப்பியது; அவர்கள் மற்றவர்களைவிடப் புனிதமானவர்கள் என்று யாரும் வாதிட்டதில்லை. இரண்டு ஊர்களுக்கும் சேர்த்துப் பொருந்தும் ஒரு கணக்கை எவராலும் போட்டுக் காட்ட முடியாது. இவ்விரண்டு ஊர்களுக்கும் உறவும் உண்டு: புயலில் சிக்கிக் கரைசேர்ந்த போர்த்துக்கீசிய மாலுமிகள் நன்றிக்கடனாகக் கட்டியதே வேளாங்கண்ணி ஆலயம் என்பது எங்கள் ஊர் மரபு, அவர்கள் கப்பலிலிருந்து வந்த பீங்கான் தட்டுகள் பீடத்தைச் சுற்றிப் பதிக்கப்பட்டிருப்பதைப் பெரியம்மா சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர். கடலிலிருந்து காப்பாற்றப்பட்டவர்களின் ஆலயத்துக்கு அருகில்தான் கடல் அவர் மகளைக் கொண்டுபோனது. வழிகாட்டிக்கு இந்தச் செய்தி புதிது. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ரோசியு சதுக்கத்தில் அவர் சொல்வது கப்ரியேல் மலக்ரீதா என்ற இயேசு சபைத் துறவியின் கதை. பிரேசிலில் நெடுங்காலம் பணியாற்றியவர். 1756-இல் அவர் வெளியிட்ட சிறுநூல், நிலநடுக்கத்துக்கு இயற்கைக் காரணம் தேடுவதே பாவம் என்றும், நகரத்தின் பாவங்களுக்காக ஆண்டவர் அனுப்பிய தண்டனை இது என்றும், வீடு கட்டுவதை விட்டுத் தவம் செய்ய வேண்டும் என்றும் வாதிட்டது. இறந்த குழந்தையின் தாயிடம், உன் ஊரின் பாவத்துக்காக இது நடந்தது என்று சொல்வதற்கு ஒப்பானது அது. பிறகு அமைச்சர் பொம்பாலின் பகைக்கு ஆளாகி, 1761-இல், 72 வயதில், இதே சதுக்கத்தில் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். வழிகாட்டி அவரை ஒரு வெறியராக மட்டுமே காட்டுகிறார். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. மலக்ரீதா சொன்னது கொடுமையான விடை. ஆனால் அவரும் ஒரு கிழவர், அவரையும் ஒரு கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கக் கொன்றார்கள். அதைச் சொல்லும்போது குரலில் சிறிது தயக்கமாவது இருந்திருக்க வேண்டும். இன்னொரு குறை, மலக்ரீதாவுக்கான மறுப்பு அவருடைய கையிலிருந்த நற்செய்தியிலேயே இருந்தது என்பதை வழிகாட்டி சொல்லாமல் விட்டது. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் எருசலேமில் வாழ்ந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்கிறார். அப்படி அல்ல என்று தாமே சொல்கிறார். மனந்திரும்புங்கள் என்ற எச்சரிக்கை அதைத் தொடர்ந்து வருகிறது என்பது உண்மை. ஆயினும் செத்தவர்களின் தலையில் குற்றத்தைச் சுமத்தும் வழியை அவர் அடைத்துவிடுகிறார். நான் இதைச் சொன்னபோது வழிகாட்டி மறுக்காமல் கேட்டுக்கொண்டார். அடுத்த குழுவுக்கு இதையும் சேர்த்துச் சொல்வதாகக் கூறினார்.

இதற்கு அடுத்த பகுதிதான் பயணத்தில் தளர்ந்த பகுதி. சதுக்கத்தின் நடுவே, வெயிலில், ஏறத்தாழ 40 நிமிடங்கள் நிற்க வைத்து ஐரோப்பிய மெய்யியலாளர்களைப் பற்றிப் பேசுகிறார். செய்தி நல்லது, இடம் தவறு. 1710-இல் லைப்னிஸ், எல்லாம் அறிந்த இறைவன் படைத்திருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது என்று வாதிட்டு, துன்பத்துக்கு முன்னால் இறைநீதியை நிலைநாட்டும் முயற்சிக்கு ஒரு பெயரையே உருவாக்கினார். லிஸ்பன் செய்தி பரவியதும் வோல்ட்டேர் அந்த நம்பிக்கையை எதிர்த்து ஒரு நெடுங்கவிதை எழுதினார். லண்டனையும் பாரிசையும்விட லிஸ்பனில் என்ன பாவம் அதிகம் என்பது அவர் கேள்வி. 1756-இல் அவருக்குக் கடிதம் எழுதிய ரூசோ, அந்த இடத்தில் ஆறேழு மாடிகள் கொண்ட 20,000 வீடுகளை அடுக்கியது இயற்கை அல்லவே என்று நினைவூட்டினார். பொதுவாக மனிதனின் தன்னுரிமையைக் காரணம் காட்டும் வாதம் கொலைக்கும் போருக்கும் பொருந்தும், நிலநடுக்கத்துக்குப் பொருந்தாது என்பார்கள். ரூசோவின் பேச்சு அந்தக் கோட்டைச் சற்று நகர்த்தி வைக்கிறது.

அதைக் கேட்டபோது எனக்கு ஒரு கணக்கு நினைவுக்கு வந்தது. 2004-இல் சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலநடுக்கம் ஏற்பட்டது இந்திய நேரப்படி காலை 6.29-க்கு. அதன் அளவு 9.1. அலை நாகை மாவட்டக் கரையை அடைந்தபோது மணி ஒன்பதைத் தொட்டிருந்தது. இடையில் இரண்டரை மணி நேரம். பசிபிக் கடலைக் கண்காணித்த அறிவியலாளர்களின் கருவிகள் அந்த அதிர்வைச் சில நிமிடங்களிலேயே காட்டிவிட்டன. இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் அப்போது இருக்கவில்லை. எல்லாம் அறிந்தவர் ஏன் சொல்லவில்லை என்று கேட்கும் நாம், பூமியில் ஓர் அறையில் ஓரளவு தெரிந்திருந்தும் வேளாங்கண்ணிக் கடைச் சாலைக்கு அது ஏன் வந்து சேரவில்லை என்று கேட்கத் தவறுகிறோம். ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் தொடங்கியது 2007-இல். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு. இதனால் பெரியம்மாவின் கேள்வி தீர்ந்துவிடவில்லை. கரையில் ஒரு சங்கு ஊதியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற கேள்வி அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவே. இதை அவருக்கு மொழிபெயர்த்தபோது, இரண்டரை மணி நேரமா என்று இரண்டு முறை கேட்டார்.

அங்கிருந்து கார்மோ மடத்துக்கு ஏற வேண்டும். 1389-இல் தொடங்கப்பட்ட மடம். 1755-இல் அதன் ஆலயத்தின் கூரை விழுந்தது. திரும்பக் கட்டும் முயற்சி தொடங்கி, 1834-இல் துறவு மடங்கள் கலைக்கப்பட்டபோது அப்படியே நின்றுபோனது. இன்று பின்பகுதியில் ஒரு தொல்பொருள் அருங்காட்சியகம் இயங்குகிறது. நுழைவுக் கட்டணம் நடைப்பயணத் தொகையில் அடங்காது, முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். உள்ளே நுழைந்தால், விலா எலும்புகள் போல வளைவுகள் மட்டும் நிற்கின்றன. அவற்றுக்கு இடையில் கூரை இருக்க வேண்டிய இடத்தில் வானம். வழிகாட்டி இங்கே ஒரு சொல்லும் பேசுவதில்லை. 15 நிமிடங்கள் உங்கள் விருப்பப்படி இருங்கள் என்று கையால் காட்டிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொள்கிறார். இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த பகுதி இதுதான்.

பெரியம்மா ஒரு கல்லில் அமர்ந்து செபமாலையை எடுத்தார். ஆனால் சொல்லத் தொடங்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். புறாக்கள் ஒரு வளைவிலிருந்து இன்னொரு வளைவுக்குப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு விவிலியத்தில் வரும் யோபுவின் நினைவு வந்தது. துன்பப்பட்டவனைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாட்கள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறு செய்தார்கள். கதையின் முடிவில், கேள்வி கேட்ட யோபுவை அல்ல, தம் சார்பில் வழக்காடிய அந்த நண்பர்களையே ஆண்டவர் கடிந்துகொள்கிறார். நம் மொழியிலும் இந்தக் கேள்வி புதியதல்ல. ஒரு வீட்டில் சாவுப்பறையும் மறு வீட்டில் மணமுழவும் ஒலிப்பதைக் கேட்ட சங்கப் புலவர் பக்குடுக்கை நன்கணியார், இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று வெளிப்படையாகவே சொன்னார்; அந்தப் பாட்டைப் புறநானூற்றைத் தொகுத்தவர்கள் நீக்கவில்லை. வினைப்பயன் என்ற விடையும் நம்மிடையே நெடுங்காலமாக இருக்கிறது. தன் துன்பத்தைத் தானே அப்படிப் புரிந்துகொண்டு ஆறுதல் பெறுபவரை நான் மதிக்கிறேன். பிறர் வீட்டுச் சாவுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுப்பவரிடம் எனக்கு மரியாதை இல்லை.

வெளியே வந்ததும் வழிகாட்டி புவித்தட்டுகளைப் பற்றி விளக்கினார். ஆப்பிரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் நெருக்கும் எல்லையில், போர்த்துக்கலுக்குத் தென்மேற்கே அட்லாண்டிக் கடலடியில் இந்த அதிர்வு தோன்றியது, அளவு 8.5-க்கும் 9-க்கும் இடைப்பட்டது என்று கணிக்கிறார்கள். தட்டுகள் நகராவிட்டால் மலைகள் எழாது, மண் புதுப்பிக்கப்படாது, உயிர்கள் தழைக்கும் பூமியே இருந்திருக்காது என்றார். சமய அறிஞர்கள் பலர் இதையே ஒரு விடையாகச் சொல்வதுண்டு: ஒழுங்கான விதிகளால் இயங்கும் உலகில்தான் மனிதன் வாழவும் கற்கவும் முடியும்; அந்த விதிகளை ஒவ்வொரு சாவுக்கும் முன்னால் நிறுத்தி வைத்தால் அது உலகமாக இராது. நான் கேட்ட விடைகளில் இதுவே யாரையும் குற்றவாளி ஆக்காதது, அதனால் இதற்கு என் மனத்தில் இடம் உண்டு. ஆயினும் இது பொதுவாகப் பூமியைப் பற்றிய விடை. பெரியம்மா கேட்பது ஒரு காலையைப் பற்றி, ஒரு பெண்குழந்தையைப் பற்றி. துன்பம் ஆன்மாவைப் பக்குவப்படுத்துகிறது என்ற விடையும் இங்கேதான் தடுமாறுகிறது. அந்தக் குழந்தை பக்குவப்பட நேரமே கொடுக்கப்படவில்லை.

பைஷா பகுதியில் பொம்பால் கட்டிய புதிய நகரத்தைக் காட்டும் பகுதி விறுவிறுப்பானது. அதிர்வைத் தாங்க, சுவர்களுக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கூண்டு போலப் பின்னிக் கட்டினார்கள்; மாதிரிச் சட்டத்தைச் சுற்றிப் படைவீரர்களை மிதித்து நடக்கவைத்துச் சோதித்தார்கள் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. இறந்தவர்களைப் படகுகளில் ஏற்றிக் கடலில் விடத் திருச்சபையிடம் அனுமதி பெற்றார்கள். ஊரெங்கும் தூக்குமரங்கள் நட்டுக் கொள்ளையைத் தடுத்தார்கள். மன்னர் முதலாம் ஜோசே மட்டும் கல் கட்டடத்துக்குள் தூங்க அஞ்சி, 1777-இல் இறக்கும் வரை மர மாளிகையிலேயே வாழ்ந்தார். இத்தனையும் சொன்ன வழிகாட்டி, லிஸ்பனுக்குப் பிறகு ஐரோப்பா கடவுளைக் கேட்பதை விட்டுப் பூமியைக் கேட்கத் தொடங்கியது என்று முடித்தார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அது அவ்வளவு நேரான கதை அல்ல. அதே பொம்பால்தான் 1759-இல் தாவோரா என்ற பிரபுக் குடும்பத்தாரைப் பலர் பார்க்கச் சித்திரவதை செய்து கொல்ல வைத்தார். பேரிடரைத் திறமையாகக் கையாண்டவர் என்பதால் ஒருவர் அறத்தில் உயர்ந்தவராகிவிடுவதில்லை. கடவுளைக் கேட்பதையும் யாரும் விட்டுவிடவில்லை. என் பக்கத்தில் ஒருவர் 20 ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நடைமுறைச் செய்திகள் சில. தெருக்கள் முழுவதும் சிறு சதுரக் கற்கள் பாவியவை, தேய்ந்து வழுக்கும். முட்டி வலி உள்ளவர்கள் கார்மோ ஏற்றத்தை யோசித்துக்கொள்ள வேண்டும். பெரியம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். கழிப்பறைக்காக ஒரே ஓர் இடத்தில் நிற்கிறார்கள். தண்ணீர் தரப்படுவதில்லை. அண்மையில் யாரையேனும் இழந்தவர்கள் வந்தால், முன்கூட்டியே வழிகாட்டியிடம் தனியாகச் சொல்லிவிடுவது நல்லது. அல்ஃபாமா பகுதி பெரிதும் தப்பியதையும் அங்கே விலைமாதர் தெருக்கள் இருந்ததையும் இணைத்து ஒரு வேடிக்கைக் கதை சொன்னார். குழுவில் பலர் சிரித்தார்கள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. என்ன சொன்னார் என்று பெரியம்மா கேட்டபோது, அந்தப் பக்கம் சேதம் குறைவாம் என்று மட்டும் சொன்னேன். அடுத்த நிறுத்தத்தில் வழிகாட்டியிடம் நாங்கள் எந்த ஊரிலிருந்து வருகிறோம் என்பதைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. அதன் பிறகு அவர் வேறொருவராகப் பேசினார் என்றே சொல்ல வேண்டும்.

பயணம் தேஜோ ஆற்றங்கரையில், நீருக்குள் இறங்கும் படிகளும் இரண்டு கல்தூண்களும் உள்ள துறையில் முடிகிறது. கடல் வந்த வழி அது. மற்ற ஏழு பேரும் நன்றி சொல்லிப் பிரிந்த பிறகு வழிகாட்டி எங்களை இருக்கச் சொன்னார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நிலநடுக்கத்துக்குப் பின் பொம்பாலின் ஆட்சி நாட்டின் எல்லாப் பங்குகளுக்கும் அனுப்பிய கேள்விகளின் நகல் அது. பங்குத்தந்தையர் எழுதி அனுப்பிய பதில்கள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஏன் நடந்தது என்ற கேள்வி அதில் இல்லை. என்ன நடந்தது என்பதை மட்டுமே கேட்கிறது. உங்கள் பெரியம்மாவுக்குச் சம்மதம் என்றால் இவற்றை அவரிடம் கேட்கலாமா என்றார். பெரியம்மா தலையசைத்தார். இருவரும் படியில் அமர்ந்தார்கள். நான் நடுவில்.

எந்த நேரத்தில் தொடங்கியது? மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும், திருப்பலி இன்னும் முடியவில்லை. கடல் முதலில் உயர்ந்ததா, தாழ்ந்ததா? நான் பார்க்கவில்லை, பார்த்த மீனவர்கள் சொன்னார்கள், முதலில் உள்வாங்கவில்லை, நேரே வந்தது, வந்த பிறகுதான் உள்வாங்கியது. வழிகாட்டி நிமிர்ந்து பார்த்தார். லிஸ்பனில் நேர்மாறாக நடந்தது என்றார். எவ்வளவு உயரம் வந்தது? பெரியம்மா எழுந்து நின்று, தம் தலைக்கு மேலே கையை உயர்த்தி, இன்னும் கொஞ்சம் என்பது போல் அசைத்தார். உடனடியாக யார் என்ன உதவி செய்தார்கள்? பக்கத்து ஊர்ப் பையன்கள் வந்து தூக்கினார்கள். யார் பிள்ளைகள் என்று இன்றுவரை தெரியாது. நாகூர் பக்கத்திலிருந்து சோறு வந்தது. உங்கள் பங்கில் எத்தனை பேர் இறந்தார்கள்?

பெரியம்மா எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. "எங்கள் வீட்டில் ஒருத்தி. 11 வயது" என்றார்.

வழிகாட்டி அதைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார். பிறகு பேனாவைத் தூக்காமலே, அவள் பெயர் என்ன என்று கேட்டார். பெரியம்மா சொன்னார். எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லி, சரியாக வந்திருக்கிறதா என்று தாளைத் திருப்பிக் காட்டினார் அந்த அம்மையார்.